ஊருணிக்கு ஒரு விண்ணப்பம்

"ஒரு புரபோசல் எழுதித் தரணும் சார்" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் வருவார்கள். கையில் எப்போதோ எவருக்கோ எழுதிய விண்ணப்பத்தின் நகல் இருக்கும். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றி, ஆங்கிலத்தைக் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு வெகுகாலமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஆங்கிலம் நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காகப் பணம் கிடைத்த விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. கணக்கு இடித்துத் திரும்பி வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். ஊர் தெரியாமல் எழுதி, பணமும் கிடைத்து, அப்புறம் அதை எப்படிச் செலவழிப்பது என்று விழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயம் இவர்களைக் கண்டுதான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு குடிநீர் ஊருணியைச் சீர்செய்ய நிதி கேட்பதாக வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் அதிகம் எழுதப்படுவது இதுதான். நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு. ஊருணித் தண்ணீர் அல்லது ஊருணிக் கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் வாயில் வைக்க முடியும். அது வற்றினால் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள், அல்லது லாரித் தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்விகளுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஊருணி யார் பெயரில் இருக்கிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடைசியாக எந்த வருடம் நிறைந்தது? நிறைந்த தண்ணீர் எந்த மாதம் வரை நின்றது? இதற்கு முன் யார் தூர்வாரினார்கள், அந்த மண் எங்கே போனது? இவற்றுக்குப் பதில் வராவிட்டால், இந்த முறை விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு போடலாம் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

விண்ணப்பங்களில் பிரச்சினை என்ற தலைப்பின் கீழ் வழக்கமாக என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "ஊருணி தூர்வாரப்படவில்லை." இது பிரச்சினையே அல்ல. செய்ய நினைக்கிற வேலையைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள். தையல் மையம் நடத்த ஆசைப்படுகிறவர் "தையல் மையம் இல்லாமை" என்று எழுதுவார். பிரச்சினை என்பது ஊரில் ஒருவருக்கு நேர்வது. மாசி பிறந்தால் ஒரு வீட்டுப் பெண் தண்ணீருக்காக எத்தனை மணி நேரம் கொடுக்கிறாள், எவ்வளவு காசு கொடுக்கிறாள் என்பதில் அது இருக்கிறது. அங்கிருந்து ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஜெர்மானிய உதவி அமைப்பான ஜிடிசெட் 1980களில் பரப்பிய திட்டமிடும் முறையில் இதைப் பிரச்சினை மரமாக வரையச் சொல்வார்கள். எங்கள் ஊர்களில் இதற்குத் தாள் தேவையில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

அப்படி ஓர் ஊரில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஊருணியை அதற்கு முன்பே வேறொரு திட்டத்தில் ஆழப்படுத்தியிருந்தார்கள். பலகைகூட வைத்திருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் சேரவில்லை. நிறுவனத்தார் இன்னும் ஆழமாகத் தோண்ட ஜேசிபிக்குப் பணம் கேட்டு எழுதச் சொன்னார்கள். ஊரில் பழைய நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். "வாங்கய்யா, ஓடை வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று அழைத்தேன். முதலில் சீமைக்கருவேலம், உள்ளே நுழையவே அரிவாள் தேவைப்பட்டது. அதைத் தாண்டினால் ஒருவர் கொல்லைக்குப் போட்ட வேலி, கால்வாய்க்குள் இரண்டு முழம் இறங்கி நின்றது. அதையும் தாண்டியதும் புதிதாகப் போட்ட தார்ச்சாலை. சாலைக்கு அடியில் பதித்த சிமென்ட் குழாய் கால்வாயின் தரைமட்டத்தைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ரோடு நனையாம இருக்கணும்னு போட்டிருக்காக தம்பி. தண்ணி அங்கிட்டே நின்னு வத்திப்போகும்" என்றார்.

ஊருணியை இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். கடலோரத்து ஊருணிகளுக்கு அடியில் இருக்கிற களிமண் அடுக்குதான் தண்ணீரைத் தாங்கி நிற்பது. அதை உடைத்தால் ஒன்று தண்ணீர் நிற்காது, இல்லையென்றால் கீழிருந்து உப்பு ஊறும். அந்த விண்ணப்பத்தில் தோண்டும் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. குழாயைத் தாழ்த்திப் பதிப்பது சாலைக்குரிய துறையின் பொறுப்பு. அதற்கு நாங்கள் பணம் கேட்கவில்லை. ஊராட்சித் தீர்மானத்தையும், துறைக்குக் கொடுத்த மனுவையும், அவர்கள் தந்த பதிலையும் இணைத்தோம். வேலி போட்டவரை ஊர்க்கூட்டத்தில் பேசி ஒதுங்கவைத்தது கணக்கிலேயே வராத வேலை. நிதி கொடுத்தவர் நேரில் வந்தபோது விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு அந்தக் குழாயைத்தான் பார்க்கக் கேட்டார்.

ஊர் வரைபடத்தையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிட வேண்டும். கோயில் வாசலில் கோலப்பொடியில் ஊரை வரையச் சொல்லும் முறை, ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1990 வாக்கில் இந்தியாவில் எடுத்துச் சொன்ன ஊரக மதிப்பீட்டு முறையோடு பரவியது. அதில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். ஆண்களை வரையச் சொன்னால் கண்மாயையும் மடையையும் முதலில் போடுவார்கள். பெண்கள் குடத்தோடு போகும் பாதையை முதலில் போடுவார்கள். இரண்டையும் தனித்தனியாக வாங்காமல் எழுதிய விண்ணப்பத்தில் பாதி ஊர்தான் இருக்கும். காலனித் தெருப் பெண்கள் எந்தப் படித்துறையில் இறங்குகிறார்கள், இறங்க விடுகிறார்களா என்பதையும் அந்தப் படத்தில்தான் பார்க்க முடியும். கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது பட்ஜெட். கதையை எழுதி முடித்துவிட்டுக் கடைசி இரவில் பட்ஜெட் போடுவது எங்கள் தொழிலில் பரவலான பழக்கம். நான் எப்போதும் பட்ஜெட்டைத்தான் முதலில் போடுவேன். உரைநடையில் மழுப்பிவிடலாம், எண்ணில் முடியாது. "ஜேசிபி வாடகை, இத்தனை மணி நேரம்" என்று ஒரே வரியில் போடுவது சுலபம். மணிக்கணக்கில் போட்டால் வண்டிக்காரருக்கு நேரம் ஓட வேண்டும். ஆழம் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. கன மீட்டரில் போட்டால் எவ்வளவு ஆழம் என்று முன்னமே முடிவெடுத்தாக வேண்டும். 60 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள ஊருணியில் 60 சென்டிமீட்டர் மண் எடுத்தால் 1,800 கன மீட்டர். ஊர்க் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, ஏறத்தாழ 636 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பருக்கு 212 நடை. தோண்டிய மண் இளகிப் பெருகும். அதற்கும் சேர்த்தால் 260 நடைக்கு மேல் வரும். இப்படி எழுதிப் பார்த்ததும் அடுத்த கேள்வி தானாக எழும். இவ்வளவு மண்ணும் எங்கே போகும்? இதை யோசிக்காத திட்டங்களில் மண் கரையிலேயே குவிந்து கிடந்து, அடுத்த மழையில் மறுபடி உள்ளே இறங்கும். வயலுக்கு வண்டல் கேட்கும் விவசாயிகள் இருந்தால் டிப்பர் வாடகையை அவர்கள் ஏற்பார்கள். மக்கள் பங்களிப்பு என்ற பத்திக்கு அதுவே நிஜமான எண். மண் எடுக்க அனுமதி வேண்டும். 2024 முதல் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரப்படுகிறது என்பது பெரிய நிம்மதி.

நீர்நிலை யார் பொறுப்பு என்பதையும் எண்ணாகவே தெரிந்துகொள்ளலாம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். குடிநீர் ஊருணி பெரும்பாலும் ஊராட்சிக்கு. தப்பான அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஒரு கோடைகாலத்தையே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்ஜெட்டில் எல்லாரும் ஒளித்துவைக்கப் பார்ப்பது சம்பளத்தை. ஊரில் தங்கி வேலை பார்க்கும் ஒருங்கிணைப்பாளர், கணக்கு எழுதுபவர், தணிக்கைக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாவற்றையும் "பயிற்சி", "இதரம்" என்ற பெயர்களுக்குள் நுழைப்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு, அதற்கான சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் நோக்கத்துக்கு நேரடியாக வேலை செய்பவரின் சம்பளம், பள்ளியில் ஆசிரியர், மருத்துவமனையில் மருத்துவர் போல, அந்த வரம்புக்குள் வராது என்று விதியே சொல்கிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் இன்னொரு குழப்பம். "அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல் நிர்வாகச் செலவு தர மாட்டோம், சட்டம் அப்படி" என்று ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரி என்னிடம் அடித்துச் சொன்னார். அந்த 5 விழுக்காடு கம்பெனி தன் சொந்த அலுவலகத்தில் இந்த நிதியை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் சேராது. விதியை அச்செடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுவேன். வாதாடினால் முகம் சுளிப்பார்கள். தாளைப் படித்தால் படித்துக்கொள்வார்கள்.

அதே 2020 திருத்தம் எங்கள் தொழிலையே மாற்றிவிட்டது. வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய நிறுவனம் அதைச் சிறிய நிறுவனத்துக்குப் பகிர்ந்து தருவது அதுவரை வழக்கம். அந்தத் திருத்தம் அதைத் தடை செய்தது. கிராமத்துச் சிறு அமைப்புகளில் பல அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு எஞ்சிய பெரிய வாசல், 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்பது அந்தப் பிரிவு.

இங்கேதான் காலண்டர் காலை வாரும். கம்பெனியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். குழு கூடி, விண்ணப்பம் பார்த்து, ஒப்பந்தம் போட்டு, முதல் தவணை கைக்கு வரும்போது பல சமயம் புரட்டாசி ஆகிவிடும். எங்கள் பக்கம் அதற்குள் புழுதி விதைப்பு முடிந்து, வயல் வழியே டிப்பர் போக முடியாது. பின்னாலேயே ஐப்பசி மழை. ஊருணியில் மண்வேலை செய்யும் காலம் பங்குனியிலிருந்து ஆடி வரைதான். மழை முடிந்து ஈரம் காய்வதற்குள் மார்ச் 31 வந்துவிடும், செலவுக் கணக்கைக் கேட்பார்கள். ஈரத்தில் வண்டியை இறக்கிக் கரையை நாசம் செய்த ஊர்கள் உண்டு. எல்லாம் அந்தத் தேதிக்குப் பயந்துதான். இதற்கு வழி இருக்கிறது. 2021இல் வந்த விதிகளின்படி, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுகள் வரை போகும் வேலையைத் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவைத்தால் போதும். இதைக் கம்பெனி தன் தொடக்கத் தீர்மானத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆகவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழ் மாதக் கணக்கில் ஒரு வேலை அட்டவணை போட்டு, இது தொடர் திட்டம், காரணம் இது, என்று எழுதிவிடுவேன். மும்பையில் இருப்பவருக்கு வடகிழக்குப் பருவமழையை விளக்க இரண்டு வரி போதும்.

ஊராட்சித் தீர்மானத்துக்கும் இதே போல நாள் பார்க்க வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பங்குனியில் வேலை தொடங்க வேண்டுமானால் ஜனவரி சபையில் தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கட்டம் போட்ட தாள், லாக்ஃபிரேம். 1969இல் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டுக்காக உருவாக்கியது; இன்னும் எங்களை விடவில்லை. நான்கு வரிசை, நான்கு பத்தி. மூன்று பத்திகளை எல்லாரும் அழகாக நிரப்பிவிட்டு, நான்காவதில், அதாவது எந்த அனுமானங்களை நம்பி இது நிற்கிறது என்ற பத்தியில், "மக்கள் ஒத்துழைப்பார்கள்" என்று முடித்துவிடுவார்கள். நான் அந்தப் பத்தியைத்தான் முதலில் நிரப்பச் சொல்வேன். எங்கள் ஊரில் பெரிய அனுமானம் மழை. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு "ஊருணி நிறையும்" என்று இலக்கு எழுதியிருந்தவர்களெல்லாம் வானத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தவர்கள். எடுத்த மண்ணின் அளவு, திறந்த கால்வாயின் நீளம், குழாயின் மட்டம் ஆகியவை நம் கையில் இருப்பவை. இவற்றுக்கு நாம் பொறுப்பு. தண்ணீர் எத்தனை மாதம் நின்றது, பெண்களின் நேரம் எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சராசரி மழை பெய்தால் என்ற நிபந்தனையோடு எழுத வேண்டும். மழை பொய்த்தால் என்ன செய்வோம் என்றும் ஒரு வரி வேண்டும். நிதி தருபவர் முட்டாள் இல்லை. அந்த வரி இருந்தால்தான் மற்ற வரிகளை நம்புவார்.

திட்டம் முடிந்தபின் யார் பார்த்துக்கொள்வது? "பயனாளிகள் குழு அமைத்துப் பராமரிக்கப்படும்" என்று எழுதாத விண்ணப்பம் கிடையாது. அதைப் படித்து எந்த நிதியாளரும் மகிழ்ந்ததும் கிடையாது. ஊரில் ஏற்கெனவே நடக்கிற ஏற்பாட்டைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. எழுதிவைத்த நோட்டு இருக்கும். தராதவன் பெயரும் அதில் இருக்கும். ஓர் ஊரில் அதே நோட்டில் ஊருணிக் காவலுக்கும் வரத்துக்கால் வெட்டவும் சேர்த்து வசூலிக்கச் சம்மதித்தார்கள். அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்தோம். கணவனை இழந்தவர்களின் வீடுகள் அந்தக் கணக்கில் விடுபடுகின்றன, அவர்களுக்கு வரி இல்லாததுபோல் பேச்சும் இல்லாமல் போகிறது. குடிநீர்க் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டு என்று தனியே எழுத வேண்டியிருந்தது.

சான்றிதழ் விஷயத்தை நீட்டத் தேவையில்லை. வருமான வரிக்கான 12ஏ, 80ஜி, கம்பெனி நிதி வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான தர்ப்பண் எண், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். 80ஜி காலாவதியாகும் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அனுப்பும் முன் நான் விடாமல் செய்கிற ஒன்று உண்டு. விண்ணப்பத்தை, பட்ஜெட் உட்பட, தமிழில் ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது. சிரமமான கூட்டம். ஒரு முறை வெளி நிபுணரின் பயணச் செலவு வரியை வாசித்ததும் ஓர் ஆத்தா எழுந்து, "நம்ம ஊருணியப் பாக்க மெட்ராஸ்ல இருந்து காரு எதுக்குத் தம்பி? பஸ்ஸு வருதுல்ல?" என்று கேட்டார். ரயிலும் பேருந்துமாகத் திருத்தினோம். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை வாசித்தபோது கொஞ்ச நேரம் சலசலப்பு. "இம்புட்டா?" என்றார் ஒருவர். அவர் என்னென்ன வேலை செய்வார், வாரத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்பார் என்று விளக்கியபின், "அப்ப அவரு வர்ற நாளு நாங்க குறிச்சு வைப்போம்" என்றார்கள். அதையே கண்காணிப்பு முறையாக விண்ணப்பத்தில் எழுதினோம். எந்த நிதியாளரும் அதைவிடக் கறாரான கண்காணிப்பைக் கேட்டதில்லை. ஊருக்கு வாசித்துக் காட்டக் கூச்சப்படுகிற வரி எதுவானாலும் அதை எடுத்துவிடுவது என் வழக்கம். விண்ணப்பம் எப்போதும் மெலிந்துதான் அனுப்பப்படும்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்வதுண்டு. பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதற்குத் தகுந்தபடி ஊரின் தேவையை வளைக்காதீர்கள். இந்த ஆண்டு டிஜிட்டல் வகுப்பறைக்குத்தான் தருவோம் என்றால், நன்றி சொல்லிவிட்டு, ஊருணி விண்ணப்பத்தை அடுத்தவருக்கு அனுப்புங்கள். மறுப்பு வந்தால் காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வருவது அபூர்வம். வந்தால் அதைப் போல உதவுவது எதுவுமில்லை.

நிதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டு ஊருக்கான விண்ணப்பத்தின் தமிழ்ப் படியையும் கேட்டு வாங்குங்கள். அது ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட தேதியையும் கேட்டவர்களின் கையெழுத்தையும் இணைப்பில் கேளுங்கள். 80ஜி நகலைக் கேட்கிற அதே பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்க்க உங்களுக்குக் காசு செலவில்லை.